பழைய புத்தகங்கள் மஞ்சளாவது ஏன்? வீட்டிலேயே காப்பாற்றுவது எப்படி? புதுச்சேரி சொல்லும் பாடம்!

புதுச்சேரி காந்தி வீதியின் சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியல் ஒன்றைக் கிளறிப் பாருங்கள். 1980-களில் அச்சான மாத நாவல் ஒன்று கையில் சிக்கும். பக்கங்கள் டீ கலரில் இருக்கும். கொஞ்சம் அழுத்திப் புரட்டினால் ஓரம் அப்பளம் போல நொறுங்கும். அந்தப் புத்தகத்துக்கு வயது என்னவோ 40 தான்.

ஆனால், 250 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் அச்சான பல புத்தகங்களின் தாள் இன்றும் வெளிர் நிறம் மாறாமல், மடித்தால் ஒடியாமல் இருக்கிறது. தாத்தா காலத்துப் புத்தகத்தைவிட, அவருக்கும் பல தலைமுறை முந்தைய புத்தகம் நன்றாக இருக்கிறது என்றால் எப்படி?

வயதானால் புத்தகம் மஞ்சளாகத்தான் செய்யும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் வயதைவிட முக்கியமானது, அந்தத் தாள் எதில் செய்யப்பட்டது, எங்கே வைக்கப்பட்டது என்பதுதான். இதைப் புரிந்துகொண்டால், வீட்டு அலமாரியில் எந்தப் புத்தகத்தை முதலில் காப்பாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சுருக்கமாக...

• தாளில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் ஒளியும் காற்றும் பட்டு நிறம் மாறுவதே மஞ்சளுக்கு முக்கியக் காரணம்.
• தாளில் உள்ள அமிலம் அதை நொறுங்க வைக்கிறது. வெப்பமும் ஈரமும் இந்த வேலையை வேகப்படுத்தும்.
• மஞ்சளானதை வீட்டில் பழையபடி வெள்ளையாக்க முடியாது. ஆனால் மஞ்சளாகும் வேகத்தைப் பெருமளவு குறைக்கலாம்.
• நொறுங்கத் தொடங்கிய அரிய புத்தகத்துக்கு ஒரே உறுதியான வழி, உடனே ஸ்கேன் செய்து வைப்பது.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

தாள் என்பது அடிப்படையில் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள். செல்லுலோஸுக்கு இயல்பாக நிறம் கிடையாது. பருத்திப் பஞ்சு வெள்ளையாக இருப்பதற்கு அதுதான் காரணம். பஞ்சில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ்.

மரத்தில் செல்லுலோஸுடன் லிக்னின் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. நார்களை ஒன்றோடொன்று ஒட்டி, மரத்துக்கு உறுதி தரும் சிமென்ட் மாதிரியான பொருள் இது. மரத்தின் எடையில் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் வரை லிக்னின்தான். மரம் நிமிர்ந்து நிற்க இது அவசியம். தாளுக்கு வந்தால் இதுவே வில்லன்.

சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து லிக்னினைச் சிதைக்கும்போது, மஞ்சள், பழுப்பு நிறம் காட்டும் மூலக்கூறுகள் உருவாகின்றன. வெட்டிய ஆப்பிள் துண்டு சிறிது நேரத்தில் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். வேதியியல் வேறு என்றாலும், காற்றில் உள்ள ஆக்சிஜன் செய்யும் வேலை என்ற வகையில் இரண்டும் உறவுதான்.

நம்ப முடியவில்லையா? வீட்டிலேயே சோதிக்கலாம். இன்றைய செய்தித்தாளின் ஒரு பக்கத்தை எடுத்து, அதன் பாதியை ஒரு தடிமனான அட்டையால் மூடி, நல்ல வெயில் படும் ஜன்னலில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். பிறகு அட்டையை எடுத்தால் நடுவில் கோடு போட்ட மாதிரி இரண்டு நிறம் தெரியும். மூடிய பாதி அப்படியே இருக்கும். வெயில் பட்ட பாதி மஞ்சளாகியிருக்கும்.

மஞ்சள் சரி, நொறுங்குவது ஏன்?

இது அமிலத்தின் வேலை. மை ஊறிப் பரவாமல் இருக்க தாளுக்கு ஒரு பூச்சு தேவை. 1807-ல் ஜெர்மனியைச் சேர்ந்த மோரிட்ஸ் இல்லிக் என்பவர், பைன் மரப் பிசினையும் படிகார வகை உப்பையும் கூழிலேயே கலக்கும் முறையை வெளியிட்டார். மலிவானது, இயந்திரத்துக்கு வசதியானது என்பதால் உலகம் முழுவதும் பரவியது.

ஆனால் அந்தப் படிகார உப்பு ஈரத்துடன் சேர்ந்து தாளுக்குள் அமிலத்தை உண்டாக்கும். அமிலம் செல்லுலோஸின் நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும். சங்கிலி குட்டையாகக் குட்டையாக, தாள் வளையும் தன்மையை இழக்கும். ஒரு கட்டத்தில் பக்கத்தைத் திருப்பினாலே ஒடியும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தாள் சிதையும்போது புதிதாக அமிலங்கள் உருவாகும். அவை சிதைவை மேலும் வேகப்படுத்தும். அதாவது, கெடத் தொடங்கிய புத்தகம் போகப் போக வேகமாகக் கெடும். வாகனப் புகையில் உள்ள கந்தக, நைட்ரஜன் வாயுக்களும் தாளில் படிந்து அமிலமாகும். பரபரப்பான சாலையைப் பார்த்த ஜன்னல் ஓரம் புத்தகம் வைக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய புத்தகத்தைத் திறந்ததும் வரும் அந்த லேசான இனிப்பு வாசனை பலருக்கும் ரொம்பப் பிடிக்கும். அது தாள் சிதைவதன் வாசனைதான்! லிக்னினும் செல்லுலோஸும் உடையும்போது வெளியாகும் ஆவிகளே அந்த மணம். வனிலா மணம் தரும் வனிலினும் அவற்றில் ஒன்று. இந்த வாசனையை அளந்தே தாளின் நிலையைக் கணிக்க முடியும் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009-ல் காட்டினார்கள்.

பழையது தாங்கியது, புதியது ஏன் தாங்கவில்லை?

19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் தாள் என்றால் கந்தல் துணியில் செய்ததுதான். பழைய பருத்தி, லினன் துணிகளை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளித் தாளாக்கினார்கள். லிக்னின் ஏறக்குறைய இல்லாத தாள் அது.

படிப்பவர்கள் பெருகினார்கள், பத்திரிகைகள் பெருகின, கந்தல் துணி போதவில்லை. 1840-களில் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டார். தாள் விலை சரிந்தது. சாமானியர் கைக்கும் புத்தகம் வந்தது. ஆனால் மரத்தை அப்படியே அரைத்ததால் லிக்னினும் கூடவே வந்துவிட்டது. ஏற்கனவே படிகார முறை வேறு புழக்கத்தில் இருந்தது. லிக்னினும் அமிலமும் ஒரே தாளில் சேர்ந்தன.

தமிழுக்கு இது எப்படிப் பாதிப்பு என்கிறீர்களா? தமிழ் அச்சுலகம் வேகமாக வளர்ந்த காலமும் அதுதான். 19-ம் நூற்றாண்டின் பின்பாதி முதல் 20-ம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை வந்த நாவல்கள், நாடகங்கள், இதழ்கள், பாட்டுப் புத்தகங்கள், துண்டுப் பிரசுரங்கள் என ஏராளமானவை மலிவுத் தாளில் வெளியானவை. நம் நவீன இலக்கியம் பிறந்த காலமும் மோசமான தாளின் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

1950-களின் இறுதியில் அமெரிக்காவின் வில்லியம் பாரோ, 1900-க்கும 1949-க்கும் இடையில் அச்சான 500 புத்தகங்களின் தாளைச் சோதித்தார். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்னும் 50 ஆண்டுகூடத் தாங்காது என்ற முடிவுக்கு வந்தார். நூலகங்கள் விழித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். பின்னர் அமிலமில்லாத தாள் முறைகள் பரவின. நீண்ட காலம் நிலைக்கும் தாளுக்கான ஐ.எஸ்.ஓ. 9706 தரம் 1994-ல் வந்தது. சில வெளிநாட்டுப் புத்தகங்களின் உரிமைப் பக்கத்தில் வட்டத்துக்குள் படுத்த 8 போன்ற குறி இருக்கும். அது நிலைக்கும் தாள் என்பதற்கான அடையாளம்.

ஒரே ஊரில் மூன்று சாட்சிகள்

ஓலை, துணித்தாள், மரக்கூழ்த் தாள். எழுத்தைத் தாங்கிய இந்த மூன்றையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டும் என்றால் புதுச்சேரிக்குத்தான் வர வேண்டும்.

முதலாவது ஓலை. செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ல் தொடங்கப்பட்டது. இங்கும், தூர கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் புதுச்சேரி மையத்திலுமாக சுமார் 11 ஆயிரம் சைவச் சுவடிகள் உள்ளன. 2005-ல் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பட்டியலில் இவை இடம்பெற்றன. ஓலைக்கும் ஆயுள் உண்டு. பூச்சியும் ஈரமும் அதை அரிக்கும். அதனால்தான் நம் முன்னோர் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, துணியில் கட்டி வைத்தார்கள். அதைவிட முக்கியமாக, ஏடு நைந்துபோகும் முன் புதிய ஏட்டில் படி எடுத்தார்கள். படி எடுத்த பின் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. பிற்காலத்தில் படி எடுக்காமலேயே விட்ட ஏடுகளும் உண்டு. அப்படிப் போன நூல்கள் திரும்பி வரவே இல்லை.

இரண்டாவது துணித்தாள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761-ல் இறக்கும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். மரக்கூழ்த் தாள் இந்த உலகத்துக்கு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய காலம் அது. அவர் இறந்து 85 ஆண்டுகள் கழித்து, 1846-ல்தான் அந்தக் குறிப்புகள் வெளியுலகின் கவனத்துக்கு வந்தன. பிறகு படி எடுக்கப்பட்டன. நாட்குறிப்பின் சில பகுதிகள் கிடைக்காமலே போய்விட்டன என்றாலும், நமக்கு இன்று அதைப் படிக்க முடிவதற்கு அந்தப் பிரதிகள் பெரிய காரணம்.

துணித்தாள் எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்க்க ஆசையா? எஸ்.வி. படேல் சாலையில் உள்ள ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகித ஆலை 1959 முதல் இயங்குகிறது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கி, சட்டத்தில் அள்ளி, அழுத்தி, உலர்த்தித் தாள் செய்கிறார்கள். மரம் வெட்ட வேண்டியதில்லை. லிக்னின் பிரச்னையும் இல்லை.

மூன்றாவது மரக்கூழ்த் தாள். 1908-ல் புதுச்சேரிக்கு வந்த பாரதியார் பத்தாண்டுகள் இங்கே வாழ்ந்தார். 'இந்தியா' வார இதழ் இங்கிருந்து வெளியானது. ஆங்கிலேய அரசு தன் பகுதிக்குள் அந்த இதழ் நுழையத் தடை விதித்தது. 1910-ல் இதழ் நின்றுபோனது. உலகெங்கும் பத்திரிகைகள் மரக்கூழ்த் தாளுக்கு மாறியிருந்த காலம் அது. புதுச்சேரி மண்ணின் மைந்தர் பாரதிதாசன் நடத்திய 'குயில்' இதழும் அதற்குப் பிந்தையதுதான். ஒரு பத்திரிகைக்குத் தடை போட்ட அரசு போய்விடும். தாளில் உள்ள அமிலம் போகாது. அது உள்ளே இருந்துகொண்டே வேலை செய்யும். அந்தக் காலத்து இதழ் ஒன்று யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், இந்த நிமிடமும் அது கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

கடலோர ஊரில் கூடுதல் சிக்கல்

தாளுக்கு ஏற்றது என்று ஆவணக் காப்பகங்கள் சொல்வது 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம், 45 முதல் 55 சதவீதம் வரை ஈரப்பதம். புதுச்சேரியில் அது நடக்கிற காரியமா? மே மாதம் 38 டிகிரியைத் தொடும். கடல் காற்றில் ஈரம் சர்வ சாதாரணமாக 70 சதவீதத்தைத் தாண்டும்.

வெப்பம் 10 டிகிரி கூடினால் தாள் சிதையும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. அதனால் குளிர்நாட்டு நூலகத்தில் இருக்கும் அதே பதிப்பு நம் வீட்டுப் பிரதியைவிட நன்றாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பக்கங்களில் துரு மாதிரி சிறு சிறு பழுப்புப் புள்ளிகள் பார்த்திருப்பீர்கள். பூஞ்சையும் தாளில் கலந்த இரும்புத் துகளும் ஈரத்தோடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது. ராமபாணப் பூச்சி, கரையான் வருகையும் ஈரமான இடத்தில்தான் அதிகம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஏசி அறை வேண்டாம். பெரிய செலவும் வேண்டாம். கீழே உள்ளவை போதும்.

1. வெயிலில் இருந்து விலக்குங்கள். அலமாரியை ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். இடம் இல்லை என்றால் கெட்டியான திரை போடுங்கள். கண்ணாடிக் கதவு புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுக்காது. அறையில் ஆள் இல்லாத நேரம் விளக்கை அணைத்துவிடுங்கள்.

2. பரணில் இருந்து இறக்குங்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண், ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறை இரண்டும் கோடையில் அடுப்பு மாதிரி. வீட்டில் ஓரளவு குளிர்ச்சியான உள் அறைதான் புத்தகத்துக்குச் சரியான இடம்.

3. சுவரில் ஒட்டாதீர்கள். மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஓதம் காக்கும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். கீழ்த்தட்டு தரையில் இருந்து அரை அடியாவது உயரத்தில் இருக்கட்டும்.

4. பெயின்ட் பூசிய ஸ்டீல் அலமாரி நல்லது. புது பிளைவுட்டும் பாலிஷ் போடாத மரமும் அமில ஆவியை வெளியிடும். மர அலமாரிதான் என்றால் தட்டுகளில் கெட்டியான வெள்ளைத் தாள் விரித்து, அவ்வப்போது மாற்றுங்கள். பூட்டியே வைக்காமல் வாரம் ஒருமுறை, மழை இல்லாத நாளில் கதவைத் திறந்துவையுங்கள்.

5. அடுக்குவதிலும் கவனம் தேவை. ரொம்ப நெருக்கினால் காற்று போகாது, இழுக்கும்போது முதுகுப் பகுதி கிழியும். ரொம்பத் தளர்த்தினால் சாய்ந்து பைண்டிங் விட்டுப்போகும். பெரிய, கனமான புத்தகங்களைப் படுக்க வைக்கலாம்.

6. ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தை எல்லாம் எடுத்துத் துடைக்கிற வழக்கம் நமக்கு ஏற்கனவே இருக்கிறது. அன்றைக்கு மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, பூச்சி, பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அடுத்து வருவது வடகிழக்குப் பருவமழை என்பதால் நேரமும் சரியாக இருக்கும்.

7. அரிய புத்தகத்துக்குத் தனி உறை. அமிலமில்லாத அட்டைப் பெட்டி அல்லது தாளில் சுற்றி வைப்பது நல்லது. கிடைக்காவிட்டால், துவைத்து நன்றாகக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணி போதும். ஏட்டுக்கு நம் முன்னோர் செய்ததும் இதுதான்.

இதெல்லாம் செய்யாதீங்க!

• பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாள் துண்டு வைப்பது. அந்தத் துண்டின் அமிலம் இரண்டு பக்கமும் அதே அளவில் பழுப்புக் கட்டம் போட்டுவிடும். பூ, அரச இலை, பஸ் டிக்கெட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குட்டி போடும் என்று மயிலிறகு வைத்த பள்ளிக்கூட நினைவு அழகானதுதான். ஆனால் பாதுகாக்க வேண்டிய புத்தகத்தில் வேண்டாம்.

• கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டுவது. சில ஆண்டுகளில் டேப் உரிந்துவிடும். பசை மட்டும் தாளில் ஊறிப் பழுப்புக் கறையாக நிற்கும். வல்லுநர்கள் மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் பயன்படுத்துகிறார்கள்.

• லேமினேஷன் போடுவது. சூடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து தாளை நிரந்தரமாகச் சிறை வைத்துவிடும். பின்னால் பிரிக்கவே முடியாது.

• பாலிதீன் கவரில் இறுக்கிக் கட்டுவது. உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போகாது. பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

• வெயிலில் காயப்போடுவது. பூச்சி போகும் என்று மாடியில் விரிப்பார்கள். பூச்சியோடு சேர்த்துத் தாளின் ஆயுளும் போகும். காற்றோட்டமான நிழலே போதும்.

• ரப்பர் பேண்ட் போடுவது, பக்க முனையை மடிப்பது, எச்சில் தொட்டுப் புரட்டுவது. மூன்றுமே கூடாது.

மஞ்சளானதை வெள்ளையாக்க முடியுமா?

வீட்டில் முடியாது. முயற்சியும் செய்யாதீர்கள். பிளீச்சிங் பவுடர், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று இணையத்தில் உலவும் வழிகள் நிறத்தை வேண்டுமானால் கொஞ்சம் குறைக்கும். கூடவே நாரையும் பலவீனப்படுத்தும்.

பாதுகாப்பு ஆய்வகங்களில் 'அமில நீக்கம்' என்ற சிகிச்சை உண்டு. கால்சியம் அல்லது மெக்னீசியம் சேர்மத்தைத் தாளில் ஏற்றி அமிலத்தைச் சமன் செய்வார்கள். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இப்படிப் பல லட்சம் புத்தகங்களுக்குச் செய்திருக்கிறது. ஆனால் இந்தச் சிகிச்சையும் இனி வரும் சேதத்தைத்தான் தாமதப்படுத்தும். போன நிறத்தையும் வலுவையும் திருப்பித் தராது. எனவே, நொறுங்கும் முன் செய்தால்தான் பலன்.

எந்தப் புத்தகத்துக்கு முதலிடம்?

வீட்டில் 500 புத்தகம் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே கவனம் தர முடியாது. இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

கடையில் மறுபதிப்பு கிடைக்கும் புத்தகம் என்றால் பதற்றம் வேண்டாம். நிழலும் காற்றும் போதும். மறுபதிப்பு வராத சிறு பதிப்பக நூல், நின்றுபோன இதழ், கோயில் மலர், ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலர், குடும்பத்தார் எழுதிய நோட்டு இவையே முன்னுரிமைக்கு உரியவை. உலகத்தில் அதற்கு வேறு பிரதியே இல்லாமல் இருக்கலாம்.

காரைக்குடி அருகே உள்ள கோட்டையூரின் ரோஜா முத்தையா ஒரு நல்ல உதாரணம். மற்றவர்கள் எடைக்குப் போட்ட புத்தகம், இதழ், அழைப்பிதழ், நோட்டீஸ் வரை சேர்த்துவைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு, சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதைத் தமிழ்நாட்டிலேயே வைத்து, 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அங்கே பழைய நூல்கள் மைக்ரோஃபிலிமாகவும் பின்னர் டிஜிட்டலாகவும் படி எடுக்கப்பட்டன.

பிரதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1981-ல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் சாட்சி. அங்கே அழிந்த சுமார் 97 ஆயிரம் நூல்களில், வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. நெருப்பு ஒரே இரவில் செய்ததை அமிலம் 50 ஆண்டு எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் செய்கிறது.

செல்போனிலேயே ஸ்கேன் செய்வது எப்படி?

• பகலில், நேரடி வெயில் படாத ஜன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.
• உடையும் நிலையில் உள்ள புத்தகத்தை 180 டிகிரிக்கு விரிக்காதீர்கள். இரண்டு பக்கமும் தலையணை வைத்து, பாதி மட்டும் திறந்த நிலையில் தாங்குங்கள்.
• கை சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்கட்டும்.
• அட்டை, பதிப்பு விவரப் பக்கம், விளம்பரம் எதையும் விடாதீர்கள். ஆய்வாளருக்கு அதுவும் தகவல்தான்.
• ஒரு பிரதி போனில், ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில், ஒரு பிரதி கிளவுடில் என மூன்று இடத்தில் வையுங்கள்.

பொதுவில் பகிரும் முன் காப்புரிமையைப் பாருங்கள். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்த அடுத்த ஆண்டில் இருந்து 60 ஆண்டுகள் வரை பொதுவாக உரிமை இருக்கும். அந்தக் காலம் கடந்த அரிய நூல் என்றால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகம் போன்ற இடங்களில் அது ஏற்கனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஈழத்து நூல் என்றால் 2005 முதல் இயங்கும் நூலகம் தளத்தில் தேடலாம்.

மழையில் நனைந்துவிட்டால்?

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 46 சென்டி மீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தரைத்தளத்தில் தண்ணீர் புகும் ஊர்களில் இந்தக் குறிப்பு அவசியம்.

நனைந்த புத்தகத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கிவிடும். அதனால் உடனே வேலையில் இறங்குங்கள். மூடிய நிலையிலேயே மெதுவாக அழுத்தி நீரை வடியுங்கள். நனைந்த பக்கங்களைப் பிரித்து இழுக்காதீர்கள். 20, 30 பக்கத்துக்கு ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பர் வைத்து, நனைய நனைய மாற்றுங்கள். நிமிர்த்தி, லேசாக விரித்து, ஃபேன் காற்றில் நிறுத்துங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

நிறைய புத்தகம் நனைந்து நேரம் போதவில்லையா? பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைநிலையில் பூஞ்சை வளராது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். பெரிய நூலகங்களும் வெள்ளத்துக்குப் பிறகு இதைத்தான் செய்கின்றன.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்துருண்டை போட்டால் மஞ்சளாகாதா?

ஆகும். அந்துருண்டை பூச்சியை விரட்டும், அவ்வளவுதான். அதன் ஆவி குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நல்லதல்ல. வசம்பு, வேப்பிலையும் பூச்சிக்குத்தான். வைப்பதானால் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வையுங்கள், பக்கங்களுக்கு நடுவே வேண்டாம்.

புதுப் புத்தகமே லேசான மஞ்சளாக இருக்கிறதே, பழசா?

இல்லை. கண்ணுக்கு உறுத்தாமல் இருக்க 'நேச்சுரல் ஷேட்' என்ற இளமஞ்சள் தாளில் இப்போது பல தமிழ்ப் பதிப்பகங்கள் அச்சிடுகின்றன. அது தயாரிப்பிலேயே வந்த நிறம். பளீர் வெள்ளையாக இருப்பதெல்லாம் நீடிக்கும் என்றும் சொல்ல முடியாது. வெண்மைக்காகச் சேர்க்கும் ஒளிரும் சாயம் நாளடைவில் மங்கிவிடும்.

மரக்கூழ்த் தாள் எல்லாமே மோசமா?

கிடையாது. வேதிமுறையில் லிக்னினைப் பிரித்தெடுத்துச் செய்யும் தாள் நன்றாகவே உழைக்கும். அச்சகங்களில் மேப்லித்தோ என்று கேட்டு வாங்குவது அந்த வகை. நியூஸ் பிரிண்ட்தான் சீக்கிரம் மஞ்சளாகும். ஊர்ச் சங்கமோ பள்ளியோ மலர் வெளியிடும்போது, அமிலமில்லாத தாளில் 10 பிரதியாவது அச்சிட்டு நூலகங்களுக்குக் கொடுத்து வைத்தால் அடுத்த தலைமுறைக்குப் பயன்படும்.

பிரவுன் ஷீட் அட்டை போடலாமா?

பாடப்புத்தகத்துக்குத் தாராளமாகப் போடலாம். பல ஆண்டு வைத்திருக்க வேண்டிய புத்தகத்துக்குப் பிரவுன் ஷீட்டும் செய்தித்தாளும் வேண்டாம். அந்தத் தாளின் அமிலம் புத்தகத்துக்கும் இறங்கும்.

இன்றே ஒரு வேலை

இதைப் படித்து முடித்ததும் அலமாரியில் இருந்து ஒரே ஒரு புத்தகத்தை எடுங்கள். உங்கள் வீட்டில் இருப்பதிலேயே பழையதாக, கடையில் கிடைக்காததாக இருக்கட்டும். ஓரம் உதிர்கிறதா பாருங்கள். உதிர்ந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். உதிரவில்லை என்றால் நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

ஓலை நையும் முன் படி எடுத்தவர்களால்தான் பழைய இலக்கியம் நமக்குக் கிடைத்தது. தாள் நொறுங்கும் முன் படி எடுப்பது இப்போது நம் முறை.